வங்கதேசத்தின் இரண்டு கணக்குப் புத்தகங்கள்

2021 ஆகஸ்டில் வங்கதேச அரசு ஐ.நா.வின் காலநிலை அமைப்புக்கு ஓர் ஆவணம் அனுப்பியது. அதில் எல்லோரும் தேடிப் பார்த்த எண் 6.73 சதவீதம். அடுத்த ஆண்டு அக்டோபரில் இன்னோர் ஆவணம் போனது. அதில் கண்ணில் பட்ட எண் 23,000 கோடி டாலர். இரண்டுக்கும் ‘காலநிலைத் திட்டம்’ என்றே பொதுவாகப் பெயர் சொல்கிறோம். ஆனால் முதலாவது, வெப்ப வாயுக்களைக் குறைப்போம் என்று உலகத்துக்குக் கொடுத்த வாக்கு. இரண்டாவது சொந்த வீட்டைக் காப்பாற்ற ஆகும் செலவு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே வளரும் நாடுகளின் காலநிலைத் திட்டங்களில் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதி, அந்தச் செலவுக்குப் பணம் யார் தருவது என்பது.

முதலில் இரண்டு சொற்கள். பூமி சூடாவதற்குக் காரணமான கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் போன்ற வாயுக்களைக் குறைப்பதற்குத் தணிப்பு என்று பெயர். ஏற்கெனவே வந்துவிட்ட, இனியும் வரப்போகிற வெப்பம், வெள்ளம், கடல் ஏற்றம் ஆகியவற்றோடு பிழைத்திருக்க நம்மை மாற்றிக்கொள்வது தகவமைப்பு. டீசல் பம்புக்குப் பதிலாக வயலில் சூரிய மின் பம்பு வைத்தால் தணிப்பு. அதே வயலில் உப்பைத் தாங்கும் நெல்லை விதைத்தால் தகவமைப்பு. சில வேலைகள் இரண்டிலும் வரும். கடலோரத்தில் அலையாத்திக் காட்டைக் காப்பாற்றினால் அது கார்பனையும் பிடித்து வைக்கும், புயல் வேகத்தையும் உடைக்கும். 2007 நவம்பரில் சித்ர் புயல் கரை கடந்தபோது சுந்தரவனக் காடு குறுக்கே நின்று அடியில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டது.

இரண்டுக்கும் அடிப்படையில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தணிப்பின் பலன் உலகம் முழுக்கப் பரவிவிடும். தகவமைப்பின் பலன் செய்த இடத்திலேயே தங்கும். வங்கதேசத்தின் உமிழ்வு, அதாவது அது வெளிவிடும் வாயுக்களின் அளவு, உலக மொத்தத்தில் ஏறக்குறைய அரை சதவீதம்தான். அந்த நாடு நாளைக் காலையிலேயே எல்லா ஆலைகளையும் மூடிவிட்டாலும் அதன் கரையில் கடல் ஏறுவது நிற்காது. அதனால் அங்கே திட்டம் போடுகிறவர்கள் இயல்பாகவே தகவமைப்பு பக்கம் சாய்ந்தார்கள். 2009-இல் வெளியான காலநிலை உத்தி ஆவணத்துக்கு ஆறு தூண்கள்: உணவும் சுகாதாரமும், பேரிடர் மேலாண்மை, கட்டுமானங்கள், ஆய்வு, தணிப்பு, ஆட்களைத் தயார்செய்தல். ஆறில் ஒன்றுதான் தணிப்புக்கு. எனக்கு இந்தக் கணக்கு நியாயமாகவே படுகிறது.

நாட்டின் அமைப்பையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். கங்கை, பிரம்மபுத்திரா, மேகனா மூன்றும் சேர்ந்து கடலில் கலக்கும் வண்டல் நிலம் அது. ஏறக்குறைய 1.48 லட்சம் சதுர கிலோமீட்டரில் 17 கோடிப் பேர். தெற்கே புயலும் உப்பும், வடமேற்கே வறட்சி, வடகிழக்கே மலையிலிருந்து திடீரென இறங்கும் வெள்ளம், நடுவே கரையைத் தின்றுகொண்டே போகும் ஆறுகள்.

இந்தத் திட்டமிடலின் வேர் ‘காலநிலை மாற்றம்’ என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே இருக்கிறது. 1970 நவம்பரில் வந்த போலா புயலில் 3 லட்சம் முதல் 5 லட்சம் பேர் வரை இறந்தார்கள். நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1972-இல், செஞ்சிலுவைச் சங்கமும் (இன்றைய செம்பிறைச் சங்கம்) அரசும் சேர்ந்து புயல் ஆயத்தத் திட்டத்தைத் தொடங்கின. அது முழுக்கத் தன்னார்வலர்களை வைத்து ஓடும் திட்டம். இன்று சுமார் 76,000 பேர், அவர்களில் பாதிப்பேர் பெண்கள். புயல் நெருங்க நெருங்கக் கம்பத்தில் ஒரு கொடி, பிறகு இரண்டு, பிறகு மூன்று. கையில் சுற்றும் சைரன், மெகாபோன், சைக்கிள். செல்போன் வந்த பிறகும் இவை போகவில்லை, ஏனென்றால் புயலில் முதலில் சாய்வது செல்போன் கோபுரம்தான்.

எச்சரிக்கை கொடுத்தால் போதாது, மக்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். பலர் கிளம்பவில்லை. காரணம் பெரும்பாலும் மாடு. குடும்பத்தின் மொத்தச் சொத்தும் தொழுவத்தில் கட்டியிருக்கும்போது, அதை விட்டுவிட்டு எங்கே போவது? அப்புறம் பெண்கள். அந்நிய ஆண்களோடு ஒரே அறையில், கழிப்பறை இல்லாத கட்டடத்தில் இரவு முழுக்க இருக்க முடியாது என்று தங்கிவிட்டார்கள். 1991 புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தபோது அவர்களில் பெண்களும் குழந்தைகளும் மிக அதிகம். அதன் பிறகு கட்டிய புயல் காப்பிடங்களைப் பார்த்தால் இந்தப் பாடம் கட்டடத்திலேயே தெரியும். தூண்கள் மேல் நிற்கும் கான்கிரீட் கட்டடம், கீழ்த்தளம் வெறுமையாகத் திறந்திருக்கும், வெள்ளம் உள்ளே வந்து வெளியே போகட்டும் என்று. மாடுகள் ஏறச் சரிவுப் பாதை. பெண்களுக்குத் தனி அறை, தனிக் கழிப்பறை. கூரையில் மழைநீர்த் தொட்டி. பல இடங்களில் ஆண்டு முழுவதும் அதுவே பள்ளிக்கூடம். பூட்டி வைத்த கட்டடம் பாழாகும், தினமும் மணி அடிக்கிற கட்டடம் பாழாகாது. கால்நடைகளுக்காகத் தனியே மண் மேடுகளும் உண்டு, அங்கே ‘கில்லா’ என்பார்கள்.

2007 சித்ரில் இறந்தவர்கள் 3,400 பேர் அளவில். 2020 அம்பான் புயலில் வங்கதேசத்தில் உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. எல்லாப் புயலும் ஒரே பலம் இல்லை என்பதையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும் இது பெரிய சாதனை, அதற்கு ஐம்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

சரி, இதெல்லாம் எப்போது ‘தேசியத் திட்டம்’ ஆனது? 2001-இல் மராகேஷில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாடு, மிகவும் பின்தங்கிய நாடுகள் ஒவ்வொன்றும் தங்கள் அவசரத் தேவைகளைப் பட்டியல் போட்டுத் தரலாம், அதற்கென ஒரு நிதி இருக்கும் என்று முடிவு செய்தது. அப்படி வங்கதேசம் 2005-இல் கொடுத்தது அவசரப் பட்டியல். 2010-இல் கான்கூன் மாநாடு, அவசரத்தைத் தாண்டி நீண்ட காலத்துக்கும் யோசியுங்கள் என்றது. அதன் விளைவுதான் 2022-இன் தேசியத் தகவமைப்புத் திட்டம். 2023 முதல் 2050 வரை 27 ஆண்டுகள், எட்டுத் துறைகள், 113 பணிகள், 23,000 கோடி டாலர். இடையில் 2018-இல் நெதர்லாந்தின் உதவியோடு எழுதிய ‘டெல்டா திட்டம் 2100’ வேறு இருக்கிறது. ஆவணங்கள் அதிகம்தான். ஒன்றோடொன்று உரசாமல் வைத்துக்கொள்வதே அங்குள்ள அதிகாரிகளுக்கு ஒரு தனி வேலையாக இருக்க வேண்டும்.

2022 திட்டத்தில் எனக்குப் பிடித்தது அதன் வரைபடம். நாட்டை மாவட்டங்களாகப் பார்க்காமல் 11 நெருக்கடிப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். வடமேற்கின் பரிந்த் மேட்டு நிலத்துக்குத் தேவை தண்ணீர்ச் சிக்கனம். வடகிழக்கின் ‘ஹாவோர்’ என்னும் பெரிய கிண்ணம் போன்ற தாழ்நிலங்களில் பிரச்சினையே வேறு. அங்கே நெல் அறுவடைக்குச் சில நாட்கள் முன்னால் மலை வெள்ளம் வந்துவிடும். 2017-இல் அப்படி வந்து பெருமளவு நெல்லை மூழ்கடித்தது. அந்த நிலத்துக்கு வேண்டியது வெள்ளத்துக்கு முன்பே முற்றிவிடும் குறுகிய கால நெல். தெற்கே சாத்கீரா, குல்னா பக்கம் வேண்டியது உப்பைத் தாங்கும் நெல். நாட்டின் நெல் ஆராய்ச்சி நிறுவனம் இரண்டுக்கும் ரகங்கள் வெளியிட்டிருக்கிறது. இரண்டு வாரம்வரை தண்ணீருக்கடியில் கிடந்தும் பிழைக்கும் ரகங்களும் அவற்றில் உண்டு. ‘வங்கதேசத்துக்கான தீர்வு’ என்று ஒன்று கிடையாது என்பதை அந்த வரைபடம் ஒரே பார்வையில் காட்டிவிடுகிறது.

தகவமைப்பு தவறாகவும் போகலாம். இதைச் சொல்லாமல் விட்டால் விளக்கம் அரைகுறை. தென்மேற்கில் 1960-களில் தொடங்கி, கடல்நீர் வயலுக்குள் வராமல் தீவு தீவாகச் சுற்றிக் கரை கட்டினார்கள். டச்சுச் சொல்லிலேயே அவற்றுக்குப் ‘போல்டர்’ என்று பெயர். இப்போது 139 இருக்கின்றன. முதல் சில ஆண்டுகள் விளைச்சல் நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த ஆறுகள் வண்டல் சுமந்து வருபவை. கரை இல்லாத காலத்தில், தினமும் கடல் ஏறி இறங்கும் ஓதத்தின்போதெல்லாம் தண்ணீர் வயல்களில் பரவி வண்டலை விட்டுவிட்டுப் போகும், நிலம் மெல்ல உயரும். கரை வந்ததும் வண்டலுக்குப் போக்கிடம் இல்லை. ஆற்றுப் படுகையிலேயே படிந்தது. வெளியே ஆறு உயர்ந்தது, உள்ளே நிலம் தாழ்ந்தது. கடைசியில் மழைநீர் வெளியேற வழியின்றி ஊர்கள் மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்தன. பள்ளிக்குப் படகில் போனார்கள், இறந்தவர்களைப் புதைக்கக் காய்ந்த நிலம் தேடினார்கள்.

1990-களில் சில ஊர்களின் மக்கள் அதிகாரிகளிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், தாங்களே மண்வெட்டியோடு போய்க் கரையை வெட்டினார்கள். ஓதநீர் ‘பீல்’ எனப்படும் தாழ்நிலத்துக்குள் பாய்ந்தது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் கொஞ்சம் வண்டல். சில ஆண்டுகளில் நிலம் உயர்ந்தது, ஆறும் வேகம் பிடித்துத் தன் படுகையைத் தானே தூர்வாரிக்கொண்டது. சட்டப்படி குற்றமாக இருந்த இந்த வேலையை, பின்னர் அரசின் நீர் மேம்பாட்டு வாரியமே எடுத்துச் செய்தது. ஆனால் இதிலும் ஒரு முள் இருக்கிறது. தண்ணீரை உள்ளே விட்ட பீலில் சில ஆண்டுகள் பயிர் வைக்க முடியாது. நில உரிமையாளருக்கு இழப்பீடு உண்டு என்றார்கள். காகிதங்கள் சரியில்லை, வாரிசுச் சிக்கல் என்று பலருக்கு அது கைக்கு வரவில்லை. அடுத்த பீலில் ஆரம்பிக்கப் போனபோது மக்கள் எதிர்த்து நின்றார்கள். நல்ல பொறியியல் ஒரு பட்டாவில் சிக்கி நின்றுபோனது என்று வைத்துக்கொள்ளுங்கள். திட்ட ஆவணத்தில் ‘மக்கள் பங்கேற்பு’ என்று ஒரு வரியில் முடிந்துவிடுகிற விஷயம் களத்தில் இப்படித்தான் இருக்கும்.

இப்போது முதல் புத்தகத்துக்கு வருவோம், அந்த 6.73-க்கு.

2015-இன் பாரீஸ் ஒப்பந்தப்படி ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்து ஒரு வாக்குறுதி தர வேண்டும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து என்டிசி என்கிறார்கள். வளரும் நாடுகளின் என்டிசியில் ‘குறைப்பு’ என்ற சொல்லைக் கவனமாகப் படிக்க வேண்டும். பெரும்பாலும் அது இன்றைய அளவிலிருந்து குறைப்பதைக் குறிக்காது. ஒன்றும் செய்யாமல் இப்படியே போனால் 2030-இல் எவ்வளவு இருக்கும் என்று ஒரு கணிப்புப் போட்டு, அதிலிருந்து குறைப்பதைச் சொல்கிறார்கள். 2021-இல் வங்கதேசம் போட்ட கணக்கு இது: 2012-இல் உமிழ்வு சுமார் 16.9 கோடி டன். இப்படியே போனால் 2030-இல் சுமார் 40.9 கோடி டன். அதிலிருந்து 6.73 சதவீதத்தைச் சொந்தக் காலில் நின்று குறைப்போம். வெளியிலிருந்து பணமும் தொழில்நுட்பமும் வந்தால் கூடுதலாக 15.12 சதவீதம். மொத்தம் 21.85.

வாக்கை முழுசாகக் காப்பாற்றினாலும் 2030-இல் உமிழ்வு 32 கோடி டன் அளவில் நிற்கும், அதாவது 2012-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதை ஏமாற்று என்று சிலர் சொல்வதுண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மின்சாரமே சரியாக எட்டாமல் இருந்த நாடு அதை எட்டவைக்கும்போது உமிழ்வு ஏறத்தான் செய்யும். கேள்வி எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பது. ஆனால் அந்த ‘இப்படியே போனால்’ கணிப்பை யார் போடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கணிப்பைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் குறைப்பு தானாகவே பெரிதாகத் தெரியும். எந்த நாட்டின் ஆவணத்தைப் படித்தாலும் சதவீதத்துக்கு முன்னால் அடிப்படைக் கணிப்பைத் தேடுங்கள்.

தணிப்பில் வங்கதேசம் செய்து காட்டிய ஒன்று, காலநிலைக்காகத் தொடங்கப்பட்டதே இல்லை. 2003-இல் அரசு நிறுவனமான ஐடிகால், மின்கம்பி எட்டாத வீடுகளுக்குத் தவணையில் சிறு சூரிய மின் தகடு கொடுக்க ஆரம்பித்தது. ஒரு தகடு, ஒரு பேட்டரி, இரண்டு மூன்று விளக்கு, போன் சார்ஜர். 41 லட்சம் வீடுகள், சுமார் இரண்டு கோடிப் பேர். மண்ணெண்ணெய் விளக்கு போனது. பிள்ளைகள் புகையில்லாமல் படித்தார்கள். அப்புறம் மின்கம்பி வந்து சேர்ந்ததும் பல வீடுகளில் தகடு ஓரங்கட்டப்பட்டது என்பதும் உண்மை. பெரிய அளவில் சூரிய மின் பூங்கா போட நினைத்தால் நிலம் இல்லை. எங்கே கை வைத்தாலும் வயல் அல்லது வீடு. 2021-இல் அரசு பத்து நிலக்கரி மின் திட்டங்களைக் கைவிட்டது. அதே வேளையில் சுந்தரவனத்துக்கு அருகே ராம்பாலில் நிலக்கரி மின்நிலையம் எழுந்து நின்றது. ஒரே அரசு, ஒரே காலம். திட்ட ஆவணம் ஒரே குரலில் பேசும். அமைச்சகங்கள் அப்படிப் பேசாது.

ஏனென்றால் ஆவணத்தை எழுதுவது சுற்றுச்சூழல் அமைச்சகம். சாலை போடுவதும் கரை கட்டுவதும் மின்நிலையம் திறப்பதும் வேறு அமைச்சகங்கள். பணப்பெட்டியின் சாவி நிதி அமைச்சகத்தில். இந்த இடைவெளியை அடைக்க வங்கதேசம் செய்த ஒரு வேலை வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. பட்ஜெட்டில் எந்தச் செலவு காலநிலையோடு எவ்வளவு தொடர்புடையது என்று குறியிட்டு, ஆண்டுதோறும் தனி அறிக்கையாக வெளியிடுகிறார்கள். 2017-18-இல் ஆறு அமைச்சகங்களோடு தொடங்கி 25-க்குப் போனது. படிக்க அலுப்பான அறிக்கைதான். ஆனால் ஓர் அரசு சொல்வதும் செலவழிப்பதும் ஒன்றா என்று பார்க்க அதைவிட நல்ல இடம் தெரியவில்லை.

பணம். தகவமைப்புத் திட்டத்தின் 23,000 கோடி டாலரை 27 ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்குச் சுமார் 850 கோடி டாலர். மொத்தத் தொகை, நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் ஏறக்குறைய பாதி. 2009-இல் வங்கதேசம் யாருக்கும் காத்திருக்காமல் தன் கைக்காசில் ஒரு காலநிலை அறக்கட்டளை நிதி தொடங்கியது. முதல் மூன்று ஆண்டுகள் ஆண்டுக்கு 700 கோடி டாகா (அந்நாட்டு நாணயம்). அதன் சட்டத்தில் ஒரு விசித்திரம்: 66 சதவீதத்தை மட்டும் செலவழிக்கலாம், 34 சதவீதத்தை வங்கியில் நிரந்தர வைப்பாக வைக்க வேண்டும். முன்யோசனைதான். ஆனால் அதில் ஒரு பெருந்தொகை நொடித்துப்போன ஒரு தனியார் வங்கியில் போய் மாட்டிக்கொண்டது. வெள்ளத்திலிருந்து காப்பாற்ற எடுத்து வைத்த பணம் வங்கியில் மூழ்கியது.

வெளியிலிருந்து வருவதன் கதை இன்னும் நீளம். வளரும் நாடுகளுக்கு 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாகப் பணக்கார நாடுகள் 2009-இல் கோபன்ஹேகனில் சொன்னன. அவர்கள் கணக்கிலேயே அந்த அளவை எட்டியது 2022-இல்தான். அதிலும் அரசுகள் தந்ததில் பெரும்பகுதி கடன். சூரிய மின்நிலையத்துக்குக் கடன் வாங்கினால் மின்சாரம் விற்றுத் திருப்பிக் கட்டலாம். புயல் காப்பிடத்தில் எதை விற்பது? தணிப்புக்குப் பணம் எளிதாகக் கிடைப்பதற்கும் தகவமைப்பு பின்தங்கி நிற்பதற்கும் இதுவே முக்கியக் காரணம். 2024-இல் பாகுவில் நடந்த ஐ.நா. மாநாட்டில் இலக்கை 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று மாற்றினார்கள். கேட்டவர்கள் கேட்டது அதைவிடப் பல மடங்கு. வளரும் நாடுகளின் காலநிலை வேலைகளுக்குப் பணம் தரும் உலக அமைப்பான பசுமைக் காலநிலை நிதியத்திடமிருந்து நேரடியாகப் பணம் பெறவும் ஒரு தேர்வு எழுத வேண்டும். கணக்கு வழக்கு ஒழுங்காக வைப்போம் என்று நிரூபித்த உள்நாட்டு அமைப்புக்குத்தான் கதவு திறக்கும். வங்கதேசத்தில் 2017-இல் ஐடிகாலும் பிகேஎஸ்எஃப் என்னும் நிதி அறக்கட்டளையும் அதைத் தாண்டின.

எவ்வளவு தயாரானாலும் தடுக்க முடியாத இழப்புகள் இருக்கின்றன. ஆறு தின்ற வீட்டை எந்த நெல் ரகமும் மீட்காது. இதற்கு ‘இழப்பும் சேதமும்’ என்று தனிப் பெயர் உண்டு. டாக்காவிலிருந்து இதற்காகப் பல ஆண்டுகள் குரல் கொடுத்த விஞ்ஞானி சலீமுல் ஹக், 2022-இல் ஷார்ம் எல் ஷேக் மாநாட்டில் அதற்கென ஒரு நிதி அமைக்க ஒப்புக்கொண்டதைப் பார்த்துவிட்டு, 2023 அக்டோபரில் காலமானார். நிதி செயல்பாட்டுக்கு வருவதாக துபாயில் அறிவித்தது அதற்கு ஒரு மாதம் கழித்து.

அவர் விடாமல் சொல்லிவந்த இன்னொன்று, இடம்பெயர்கிறவர்களைப் பற்றியது. வீடிழந்தவர்கள் எல்லோரும் டாக்காவின் குடிசைப் பகுதிகளுக்கே வந்தால் நகரம் தாங்காது. அதனால் சிறு நகரங்களை அவர்களை வரவேற்கும்படி தயார் செய்ய வேண்டும் என்றார். அதற்கு அவர் காட்டிய ஊர் தெற்கில் இருக்கும் மோங்லா. ஒரு துறைமுக ஊர். வெள்ளத்தைத் தடுக்கக் கரையும் மதகும் கட்டினார்கள், வடிகாலைச் சரிசெய்தார்கள், பக்கத்திலேயே ஏற்றுமதி மண்டலத்தில் ஆலைகள் வந்தன. உப்பு ஏறிய வயல்களையும் ஆற்றுக்குப் போன வீடுகளையும் விட்டுவிட்டு வந்த பெண்கள் பலர் இன்று அங்கே வேலைக்குப் போகிறார்கள். அந்த ஊரைச் சுற்றியும் அதே உப்பு நீர்தான் ஓடுகிறது.